மன்னர் வைத்த பிரதமர்: லாசர் தொமானோவிச் வழியாக ஓர் எளிய விளக்கம்

‘1907 முதல் 1912 வரை மாண்டினீக்ரோவின் பிரதமர் லாசர் தொமானோவிச்’ என்று வரலாற்றுக் கட்டுரைகளில் ஒரு வரி வரும். படித்ததும் நமக்குள் ஒரு படம் ஓடிவிடும்: தேர்தல் நடந்தது, ஒரு கட்சி ஜெயித்தது, அதன் தலைவர் பதவியேற்றார், ஐந்தாண்டு முடிந்ததும் இறங்கினார். கணக்கும் சரியாக ஐந்தாண்டு வருவதால் சந்தேகமே எழாது. ஆனால் அவர் எந்தக் கட்சிக்கும் தலைமை தாங்கி ஜெயித்து வந்தவர் அல்ல. மன்னர் கூப்பிட்டார், வந்தார்.

பிரதமர், அரசியலமைப்பு, சட்டமன்றம் என்ற சொற்கள் எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் ஒரே பொருளில் வழங்குவதாக நினைத்துக்கொள்வதால்தான் பழைய முடியாட்சிகளைப் பற்றிய பேச்சு தடம் மாறிப் போகிறது. தொமானோவிச்சின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் அந்த இடத்தில் என்ன வேலை செய்தன என்பது தெளிவாகிவிடும்.

## ஜவுளிக்கடை மேனேஜரும் சங்கத் தலைவரும்

ஒரு பெரிய ஜவுளிக்கடை. முதலாளி ஒரு மேனேஜரை வைத்திருக்கிறார். கொள்முதல், சம்பளம், வாடிக்கையாளர் சண்டை எல்லாம் மேனேஜர் தலையில்தான். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் கடையே அவருடையது போலத் தெரியும். ஆனால் நாளைக் காலை முதலாளி ‘வேண்டாம்’ என்று சொன்னால் மத்தியானம் அவர் இருக்க மாட்டார்.

பக்கத்திலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம். அதன் தலைவரும் அதே வேலைகளைத்தான் செய்கிறார். ஆனால் அவரை நிறுத்தியது உறுப்பினர்கள். நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தால்தான் அவர் போவார்.

இருவர் வேலையும் ஒன்றுதான். இருவரையும் பிரிப்பது ஒரே கேள்வி: இவரை வீட்டுக்கு அனுப்பக்கூடியவர் யார்?

இந்தக் கேள்வியை முடியாட்சிகளிடம் கேட்டால் மூன்று விதமான பதில் வரும். எழுதி வைத்த எந்தச் சட்டமும் மன்னரைக் கட்டுப்படுத்தாவிட்டால் அது முழுமுடியாட்சி. அமைச்சர்களை வைப்பதும் நீக்குவதும் மன்னர் கையில் இருந்து, சட்டம் இயற்றுவதிலும் வரி விதிப்பதிலும் மட்டும் ஒரு சபையின் ஒப்புதல் தேவைப்பட்டால் அது அரசியலமைப்பு முடியாட்சி. அமைச்சரவையைக் கவிழ்க்கும் அதிகாரம் சபைக்கே போய்விட்டால் அது நாடாளுமன்ற முடியாட்சி. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. தொமானோவிச் இரண்டாவது வகையில் பிரதமராக இருந்தவர்.

## நாடு எப்படி இருந்தது

மாண்டினீக்ரோ என்றால் கருமலை. மண்ணின் மொழியில் ட்சர்ன கோரா என்பதற்கும் அதே பொருள்தான். அட்ரியாட்டிக் கடலுக்கு மேலே சுண்ணாம்புப் பாறை மலைகள், அவற்றில் குலம் குலமாக வாழ்ந்த மக்கள். பெத்ரோவிச் நியேகோஷ் குடும்பம் 1697 முதல் அவர்களுக்குத் தலைமை தாங்கியது, அதுவும் ஆயர்களாக. ஆயர் மணம் செய்துகொள்ளக் கூடாது என்பதால் பதவி பெரும்பாலும் சித்தப்பா, பெரியப்பா வழியில் அண்ணன் தம்பி மகனுக்குப் போனது. இந்த ஆயர்-ஆட்சியாளருக்கு ‘விளாதிக்கா’ என்று பெயர். பெரும் கவிஞராகப் போற்றப்படும் இரண்டாம் பேதர் (1813-1851) ஒரு விளாதிக்காதான். அவரை ‘அரசர்’ என்று எழுதுவது தவறு.

1852இல் அவருக்குப் பின் வந்த தனிலோ ஆயர் அங்கியைத் துறந்து உலகியல் ஆட்சியாளர் ஆனார். 1860இல் அவர் கோட்டோரில் சுடப்பட்டு இறந்தபின், 18 வயது நிகோலா வந்தார். 58 ஆண்டுகள் அவரே. 1910 வரை நிகோலாவின் பட்டம் ‘க்னியாஸ்’. இதை ‘இளவரசர்’ என்று மொழிபெயர்ப்பார்கள். நமக்கு இளவரசர் என்றால் அரசரின் பிள்ளை. அங்கே அப்படியல்ல, நாட்டை ஆள்பவரேதான். அரசர் என்ற உயர்ந்த பட்டம் இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். குழப்பம் வராமலிருக்க இங்கே மன்னர் என்றே சொல்வோம்.

1878இல் பெர்லின் மாநாடு நாட்டின் விடுதலையை ஏற்றது. அடுத்த ஆண்டே அமைச்சகங்கள், அரச ஆலோசனைக் குழு, உயர் நீதிமன்றம் என்று புதிய அமைப்புகள் வந்தன. இங்கேதான் சிக்கல் தொடங்கியது. அமைச்சகம் இருந்தால் கோப்பு எழுத ஆள் வேண்டும், நீதிமன்றம் இருந்தால் சட்டம் படித்தவர் வேண்டும். போரில் பேர் வாங்கிய குலத்தலைவர்கள் நிறைய இருந்தார்கள். படித்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான். குச்சி குலத்தின் புகழ்பெற்ற தளபதி மார்கோ மில்யானொவ் எழுதப் படிக்கக் கற்றதே ஏறத்தாழ 50 வயதில்.

சுருக்கமாக: ஆயராட்சி, பிறகு மன்னராட்சி, 1879இல் அலுவலகங்கள். நாற்காலிகள் வந்துவிட்டன, அவற்றில் உட்காரப் படித்த ஆள் போதவில்லை.

## பேனா எப்படிப் பதவி ஆனது

அந்த இடைவெளியில் வந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். நாட்டின் சொத்துரிமைச் சட்டத் தொகுப்பை எழுதிய பால்தசார் போகிஷிச் டுப்ரோவ்னிக் பக்கத்திலுள்ள ட்சவ்தாத் ஊர்க்காரர். அந்தத் தொகுப்பு 1888இல் நடைமுறைக்கு வந்தது. தொமானோவிச் பிறந்தது 1845இல், கோட்டோர் வளைகுடாவின் லேபெதானே கிராமத்தில். வளைகுடா மிகக் குறுகும் இடத்தை ஒட்டிய ஊர் அது. அந்த இடுக்கில் எதிர்க்கரை ஏறத்தாழ 340 மீட்டர்தான். அண்ணாந்து பார்த்தால் கருமலை, ஆனால் காலடி மண் ஆஸ்திரியாவுடையது. மாண்டினீக்ரோவின் வருங்காலப் பிரதமர் பிறப்பால் வியன்னாவின், அதாவது ஆஸ்திரியாவின், குடிமகன்.

அவர் சட்டம் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். தலைநகர் செதின்யேயில் அவருக்குப் பேர் வாங்கித் தந்ததோ பத்திரிகை. ‘கிளாஸ் ட்சர்னகோர்ட்சா’, அதாவது ‘மாண்டினீக்ரோக்காரரின் குரல்’, 1873இல் தொடங்கிய அரசுப் பத்திரிகை. அதன் ஆசிரியராக அவர் இருந்தார். அந்த நாற்காலியைச் சாதாரண பத்திரிகை வேலையாக நினைக்கக் கூடாது. ஆஸ்திரியாவைச் சீண்டாமல், ரஷ்யாவை மகிழ்வித்து, செர்பியாவோடு உறவும் போட்டியும் கலந்து எழுத வேண்டும். ஒரு வாக்கியம் பிசகினால் தூதரகங்களில் கேள்வி எழும். வெளியுறவு அமைச்சருக்கு வேண்டிய பயிற்சி முழுவதும் அந்த மேசையிலேயே கிடைத்துவிடும்.

1896இல் இரண்டாம் பேதரைப் பற்றி அவர் ஒரு நூல் வெளியிட்டார். எல்லாரும் கவிஞராகவே கொண்டாடிய மனிதரை ஆட்சியாளராகப் பார்த்து எழுதிய நூல் அது. இது ஆழமான தேர்வு என்றே நினைக்கிறேன். வரி வசூல், 1831இல் தொடங்கிய செனட், 1834இல் வந்த அச்சகம் என்று ஓர் அரசு எப்படிக் கட்டப்பட்டது என்பதில் அவருக்கு இருந்த அக்கறை அந்தத் தலைப்பிலேயே தெரிகிறது. அந்த அச்சகத்துக்கு நேர்ந்த கதியையும் சொல்ல வேண்டும். 1852-53 போரில் குண்டு போதாமல் ஈய எழுத்துகளை உருக்கித் தோட்டா வார்த்துவிட்டார்கள்.

மன்னர் நிகோலாவே கவிதையும் நாடகமும் எழுதியவர். ஆகவே அந்த அரண்மனையில் எழுதத் தெரிந்தவருக்கு மதிப்பு இருந்தது, ஆபத்தும் இருந்தது. மன்னரோடு மனம் கசந்த மில்யானொவ் 1880களின் தொடக்கத்தில் பதவிகளை விட்டு மெதூன் கோட்டைப் பக்கம் ஒதுங்கினார். பிற்காலத்தில் அங்கேயே உட்கார்ந்து, தம் மக்களின் வீரத்தையும் மனிதப் பண்பையும் பற்றி எழுதினார். அவர் 1901இல் மறைந்த பிறகே அவை அச்சேறின.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மில்யானொவுக்குப் பின்னால் ஒரு குலமே நின்றது. அவரால் மன்னரிடம் முகம் திருப்ப முடிந்தது, ஒதுங்கிப் போகச் சொந்த மண்ணும் இருந்தது. வளைகுடாவிலிருந்து வந்த தொமானோவிச்சுக்குக் குலப்படை கிடையாது. மன்னரின் நம்பிக்கைதான் அவருக்கு இருந்த ஒரே முதல். மன்னருக்கு அவர் வசதியான ஆளாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

## 1905: வீட்டுக்காரர் எழுதிய ஒப்பந்தம்

வாடகை வீட்டுக்குப் போகிறோம். ஒப்பந்தத்தை வீட்டுக்காரரே எழுதி வைத்திருக்கிறார். அதில் நமக்குச் சில உரிமைகள் உண்டு: திடீரென்று காலி செய்யச் சொல்லக் கூடாது, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். உரிமைகள் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொரு வரியையும் தமக்கு எது வேண்டும் என்று பார்த்து எழுதியவர் அவர்தான்.

மக்கள் பிரதிநிதிகள் கூடி எழுதாமல், மன்னர் தாமாகவே வழங்கும் அரசியலமைப்பை ‘அருளப்பட்ட அரசியலமைப்பு’ என்பார்கள். ஜப்பானின் 1889 அரசியலமைப்பு இந்த வகை. 1905இல் ரஷ்யாவில் ஜார் மன்னரே மக்கள் கிளர்ச்சிக்குப் பணிந்து விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் படித்துத் திரும்பிய மாண்டினீக்ரோ இளைஞர்கள் செர்பியாவில் சட்டமன்றம் எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்த்திருந்தார்கள். கேட்பதற்கு முன்னால் தருவது மேல் என்று முடிவெடுத்த நிகோலா, புனித நிக்கலஸ் திருநாளன்று அரசியலமைப்பை வழங்கினார். செர்பியாவின் 1869 அரசியலமைப்பு அதற்கு முன்மாதிரி. செர்பியாவே அதைக் கடந்து போய்விட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

அதன் முக்கியப் பாகங்கள் நான்கு. ஒன்று, ஆட்சி அதிகாரத்தின் உரிமையாளர் மன்னரே. இரண்டு, அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அவரே. மூன்று, சட்டத்துக்கு மன்னர், சபை இருவர் ஒப்புதலும் வேண்டும். நான்காவது பாகம்தான் நுட்பமானது: சபையின் அமைப்பு.

சபைக்கு ஸ்குப்ஷ்தினா என்று பெயர். இடங்கள் 76. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 62 பேர். மீதி 14 பேர் வகிக்கும் பதவியால் உறுப்பினர் ஆனவர்கள். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர், பார் நகரக் கத்தோலிக்கப் பேராயர், முஸ்லிம்களின் முஃப்தி, உயர் நீதிமன்றத் தலைவர், ஆலோசனைக் குழுவினர், சில படைத்தளபதிகள் என்று போகும் அந்தப் பட்டியல். மூன்று சமயத்துக்கும் இடம் கொடுத்தது நல்ல செயல், அதில் மறுப்பில்லை. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 76இல் பெரும்பான்மைக்கு 39 வேண்டும். அந்த 14 பேரும் மன்னர் பக்கம் நின்றால், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 25 பேர் போதும். 62இல் 25 என்பது 40 சதவீதம். அதாவது மக்கள் தேர்ந்தெடுத்தவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தாலும் மன்னரின் அமைச்சரவை தோற்காமல் இருக்க முடியும்.

சுருக்கமாக: அரசியலமைப்பு உண்மையானது, சபையும் உண்மையானது. பிரதமரை வைப்பவரும் எடுப்பவரும் மட்டும் மாறவில்லை.

## மூன்று ஆட்சி சரிந்தது, நான்காவது நின்றது

எழுதியவரே எதிர்பாராத ஒன்று அடுத்து நடந்தது. 1906இல் தேர்தலில் வந்த உறுப்பினர்களில் ஒரு கூட்டம் தனி அணியாகச் சேர்ந்தது. அது மக்கள் கட்சி ஆயிற்று. அவர்களைக் ‘கிளுபாஷி’, கிளப்காரர்கள், என்று அழைத்தார்கள். அரசியலமைப்பில் இல்லாத ஒன்றை, அதாவது சபை சொன்னால் அமைச்சரவை விலக வேண்டும் என்ற வழக்கத்தை, நடைமுறையில் கொண்டுவர அவர்கள் முயன்றார்கள்.

விளைவு: லாசர் மியூஷ்கோவிச்சின் முதல் அமைச்சரவை 1906 நவம்பரில் போனது. அடுத்து வந்த மார்கோ ராதுலோவிச் 1907 பிப்ரவரி வரை. அதற்கடுத்த அந்திரியா ராதோவிச் ஏப்ரல் வரை. ஆறே மாதத்தில் மூன்று ஆட்சிகள் சரிந்தன. சபைப் பக்கம் நின்றால் மன்னர் கசந்தார், மன்னர் பக்கம் நின்றால் சபை கசந்தது.

1907 ஏப்ரலில் நிகோலா 62 வயது தொமானோவிச்சை அழைத்தார். அதே ஆண்டில் சபை கலைக்கப்பட்டது. மன்னருக்கு ஆதரவாக ‘உண்மை மக்கள் கட்சி’ உருவாயிற்று. அவர்களுக்கு ‘ப்ரவாஷி’ என்று பெயர். நிக்சிச் நகரில் எதிரணிப் பத்திரிகையின் அச்சகம் அடித்து நொறுக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் மக்கள் கட்சி விலகி நின்றது, சபை முழுவதும் ப்ரவாஷிகள் கையில் வந்தது.

ஆகவே ‘தொமானோவிச் ஏன் ஐந்தாண்டு நீடித்தார்’ என்ற கேள்விக்கு அவர் திறமையை மட்டும் பதிலாகச் சொல்வது சரியல்ல. அவருக்கு முன்னிருந்தவர்களுக்கு இரண்டு எஜமானர்கள் இருந்தார்கள். அவருக்கு ஒருவரே.

## அந்த ஐந்தாண்டு

பதவியேற்ற ஆண்டிலேயே செதின்யேயில் வெடிகுண்டுகள் பிடிபட்டன. அரச குடும்பத்தைக் கொல்லச் சதி என்று குற்றச்சாட்டு. 1908இல் நடந்த விசாரணையில் முன்னாள் பிரதமர் ராதோவிச்சின் பெயரும் வந்தது. வெளிநாட்டிலிருந்த அவர் தாமாகவே திரும்பி வந்து நீதிமன்றத்தில் நின்றார். 15 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சதியின் வேர் பெல்கிரேடில் இருப்பதாகச் சொல்லப்பட்டதால் செர்பியாவுடன் உறவு முறிந்தது. 1909இல் கொலாஷின் பகுதியில் இன்னொரு சதி வழக்கு, அதில் மரண தண்டனைகளும் நிறைவேறின. அரசியலமைப்பு வந்து நான்கே ஆண்டில் எதிரணி சிறையிலும் நாடு கடந்தும் இருந்தது. தொமானோவிச்சின் ஆட்சிக்கணக்கை எழுதும்போது இந்தப் பக்கத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது.

வெளியுறவில் கதை வேறு. 1878 பெர்லின் மாநாட்டில் உருவான உடன்படிக்கையின் 29ஆம் பிரிவு மாண்டினீக்ரோவுக்குக் கடற்கரை கொடுத்த கையோடு அதைக் கட்டியும் போட்டிருந்தது. நாடு போர்க்கப்பல் வைத்துக்கொள்ளக் கூடாது, பார் துறைமுகத்துக்குள் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் வரக் கூடாது, கரையோரக் காவல் ஆஸ்திரியா-ஹங்கேரி கையில். வீடு நம்முடையது, வாசல் சாவி பக்கத்து வீட்டாரிடம் என்ற நிலை. 1908 அக்டோபரில் ஆஸ்திரியா-ஹங்கேரி பாஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது, வியன்னாவே பெர்லின் உடன்படிக்கையை மீறிவிட்டது. அப்போது பிரதமர் பதவியோடு வெளியுறவையும் தொமானோவிச் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்களே மீறிய உடன்படிக்கை எங்களை மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்பதுதான் செதின்யேயின் வாதம். 1909 ஏப்ரலில் அந்தத் தடைகளில் பெரும்பகுதி நீங்கியது. பார் வணிகத் துறைமுகமாகவே இருக்கும் என்பது மட்டும் மிஞ்சியது.

சிறிய நாடு பெரிய வல்லரசிடமிருந்து எதையாவது வாங்குவது எப்படி என்பதற்கு இது நல்ல பாடம். படைபலத்தால் கிடைத்ததல்ல இது. ஐரோப்பிய வல்லரசுகள் எல்லாம் ஒரு சிக்கலை முடிக்க அவசரப்பட்ட நேரத்தில், சட்ட வரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கேட்டதால் கிடைத்தது. சட்டம் படித்தவர் அந்த நாற்காலியில் இருந்தது அப்போது கைகொடுத்தது.

1910 ஆகஸ்டில் நிகோலா ஆட்சிக்கு வந்து 50 ஆண்டு. அரசர் பட்டத்தை ஏற்க வேண்டும் என்று சபை கேட்டது, அவர் ஏற்றார். தேர்தலில் எதிரணியே இல்லாத சபை அது என்பதை மறக்கக் கூடாது. மருமகன் இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல், பேரன் செர்பியப் பட்டத்து இளவரசர் அலெக்சாந்தர், பல்கேரியாவின் ஃபெர்டினாண்டு எல்லாரும் வந்தார்கள். சில ஆயிரம் பேர் வாழ்ந்த மலை ஊர் செதின்யே. அதே ஆண்டில் அங்கே எழும்பிய அரசு மாளிகைதான் அப்போது நாட்டிலேயே பெரிய கட்டடம்.

ஆக, மாண்டினீக்ரோ ‘அரசாக’, அதாவது அரசர் பட்டம் கொண்டவர் ஆளும் நாடாக, இருந்தது 1910 முதல் 1918 வரை மட்டுமே. தொமானோவிச் சிற்றரசின் கடைசிப் பிரதமர், அரசின் முதல் பிரதமர் இரண்டுமாக ஆனார்.

## தேதி ஏன் இரண்டு விதமாக வருகிறது

இதைப் படித்துவிட்டு வேறு நூல்களைப் புரட்டுபவர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அரசியலமைப்பு வந்த நாள் ஓரிடத்தில் 1905 டிசம்பர் 6, இன்னோரிடத்தில் டிசம்பர் 19. அரசு பிரகடனமான நாள் ஆகஸ்டு 15 அல்லது ஆகஸ்டு 28. இரண்டும் சரிதான். மாண்டினீக்ரோ அப்போது பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றியது. 20ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 13 நாள் கூட்டினால் நம் நாள்காட்டித் தேதி வரும். 19ஆம் நூற்றாண்டுக்கு 12 கூட்ட வேண்டும். இந்தக் கணக்கு தெரியாமல் ஒரே நிகழ்ச்சியை இரண்டு நிகழ்ச்சியாக எழுதிவிடுபவர்கள் உண்டு.

## பதவி போனது, பேனா இருந்தது

1912 ஜூனில் தொமானோவிச் விலகினார். எந்தத் தேர்தலிலும் தோற்று அவர் போகவில்லை. பால்கன் நாடுகள் துருக்கிக்கு எதிராகக் கைகோர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் இடத்துக்கு வந்த மிதர் மார்தினோவிச் ஒரு படைத்தளபதி. அக்டோபர் 8 அன்று மாண்டினீக்ரோ துருக்கிமீது போர் அறிவித்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. 1916இல் ஆஸ்திரியப் படை செதின்யேயைப் பிடித்தது, நிகோலா நாட்டை விட்டுப் போனார். 1918 நவம்பரில் போத்கோரித்சாவில் கூடிய பேரவை அவர் குடும்பத்தை அரியணையிலிருந்து நீக்கி, நாட்டைச் செர்பியாவோடு இணைத்தது. ஒரு காலத்தில் வெடிகுண்டு வழக்கில் சிறை சென்ற அந்திரியா ராதோவிச் அந்த இணைப்பு இயக்கத்தின் முன்னணியில் இருந்தார்.

தொமானோவிச் மறுபடி எழுதினார். வளைகுடாவின் 1797-1814 கால நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரு வரலாறு, தம் அமைச்சர் நாள்களைப் பற்றி ஒரு நினைவுநூல். அந்த நினைவுநூல் வெளிவந்தது 1921இல். நிகோலா பிரான்சின் அந்தீப் நகரில் நாடு திரும்ப முடியாமலே கண்மூடியதும் அதே ஆண்டு, மார்ச் 1 அன்று. அவர் வைத்த பிரதமர் இன்னும் 11 ஆண்டு வாழ்ந்து, 1932இல் 87 வயதில் மறைந்தார்.